பெரட்டுச் சுவர்

வாசுகி வேலை செய்யும் பட்டாம்பூச்சிப் பூங்கா, லிங்கியில் அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தின் லயன் வீடுகளை இடித்துக் கட்டியது. பால்மரம் சீவியவர்கள் விடியற்காலையில் வரிசையாக நின்று பெயர் கொடுத்த பெரட்டுக்களத்தில் இப்போது டிக்கெட் கவுண்டர் இருக்கிறது. அதன் வெள்ளைச் சுவரில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு அந்துப்பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். நான்கு வரிசை. வரிசைக்குப் பத்து.

சூப்பர்வைசர் சேகரனும் அதே தோட்டத்துப் பிள்ளைதான். பூச்சிமருந்துப் பம்பை நீட்டினான்.

"அடிச்சி விடுங்கக்கா. பட்டாம்பூச்சின்னா செல்பி எடுக்குறாங்க. இதப் பாத்தா மூஞ்ச சுளிக்கிறாங்க லா."

"கலரு இல்லன்னா பூச்சி இல்லையா?"

"அழகா இருக்கிறதுக்குத்தான் இங்க எடம். அடிக்கலன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

வீடுகளை இடித்த அன்றும் இப்படித்தான் பேசினார்கள். வாசுகி பம்பைத் தரையில் போட்டாள். சுவரைப் பார்த்து, பெரட்டில் பெயர் பதியும் பழைய கிராணி மாதிரி உரக்கப் பெயர் கூப்பிட்டாள்.

"சின்னப்பொண்ணு."

அது செத்துப்போன அவள் அம்மா. முதல் பூச்சி பறந்து போனது.

"மாரிமுத்து."

அடுத்தது பறந்தது. அம்மாவோடு பெரட்டுக்கு வந்து வந்து அவளுக்கு வரிசை மனப்பாடம். முப்பத்தொன்பது பெயர்கள். எல்லாரும் செத்தவர்கள். கடைசி வரிசையில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

"அது ஒங்கப்பா நின்ன எடம். நான் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிடு, இல்லன்னா நீயே அடி."

சேகரன் பம்பை எடுத்தான். கூப்பிடவில்லை.

பூச்சி சுவரிலிருந்து மெல்ல நடந்து இறங்கியது. அவன் சப்பாத்துக் காலுக்கு முன்னால் வந்து, இரண்டு இறக்கைகளையும் ஒன்றாகக் குவித்து நின்றது.