சிரிலுக்கு ஒரு பொன்னாடை

"சிரில் பேரை மட்டும் சொன்னா பத்தாது லா, ரேமண்ட். அந்தப் பாட்டு எப்படிப் பொறந்துச்சுன்னு விழா மேடையில ஒண்ணு விடாம சொல்லணும்."

போனில் 'வெள்ளி அலை' இசைக்குழுத் தலைவர் ரேமண்ட் இழுத்தார். "எல்லாத்தையுமா, அண்ணி?"

"எல்லாத்தையும்தான்." சாந்தமேரி போனை வைத்தாள்.

விடுவாளா பின்னே? அந்தக் குழுவின் முதல் கிட்டார்காரர் அவள் கணவர் சிரில். குழுவை ஊரறியச் செய்த காதல் பாட்டை எழுதியதும் அவர்தான். அவளுடைய கைபேசி மணியே அந்தப் பாட்டுதான். கல்யாணத்துக்கு முன்பே அவர் விலகிவிட்டார். குழு சிங்கப்பூர் வரை போனது. இவர் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்குப் போனார்.

குழுவின் போன ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினராக வந்த டத்தோவுக்குப் பொன்னாடை, டத்தோவின் டிரைவருக்குப் பொன்னாடை, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தவருக்குக்கூடப் பொன்னாடை. சிரிலுக்குக் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. வயிறு எரியாதா?

சிரிலோ, புகழெல்லாம் எதுக்கு, விட்டுடு என்று தினமும் கெஞ்சினார். இப்படியும் ஓர் அடக்கமா என்று அவளுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் ஆத்திரம். பக்கத்து வீட்டு பெர்னிஸும், அவருக்குப் பிடிக்கலன்னா விட்டுருங்களேன் அக்கா என்றாள். பொறாமை, வேறென்ன என்று சாந்தமேரி முடிவு கட்டினாள். கண்ணாரப் பார்க்கட்டும் என்றே அவளையும் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு இழுத்து வந்தாள்.

விழாவன்று சிரிலுக்குக் காலையில் காய்ச்சல், மதியம் வயிற்றுவலி, கிளம்பும்போது முதுகுப்பிடிப்பு. சாந்தமேரியிடம் ஒன்றும் பலிக்கவில்லை.

டத்தோ முக்கால் மணி நேரம் பேசி ஓய்ந்தபின், ரேமண்ட் சிரிலை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் சாந்தமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. சிரில் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரேமண்ட் மைக்கை நெருக்கிப் பிடித்தார். "இந்தப் பாட்டை யாரை நெனச்சு எழுதினாருன்னு சிரில் அண்ணன் இத்தனை வருஷமா எங்களைச் சொல்ல விடல. இன்னைக்கு அண்ணியே சொல்லச் சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு இங்கேயே, முன்வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க. மேடைக்குக் கூப்பிடுறேன்!"

சாந்தமேரி வெட்கத்தோடு சேலை மடிப்பைச் சரிசெய்து, கைப்பையை பெர்னிஸிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க, பெர்னிஸ்!"

பெர்னிஸ் கைப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.