தானாக வந்த சாட்சி

பூட்டிய வீட்டைச் சோதனை போட, அந்தத் தெருவாசி ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் தட்டிய கதவு எதுவும் திறக்கவில்லை. மாடிப்படியில் நின்ற பனியன்காரர் மட்டும் தானாக முன்வந்தார்.

“பூட்டைப் பார்த்து உடைங்க சார், நல்ல பூட்டு.”

சலவை மெஷினுக்குள் திருட்டு நகைகள் சிக்கின. இன்ஸ்பெக்டர் பட்டியல் எழுதினார்.

“நேரத்தையும் எழுதுங்க. இல்லன்னா கோர்ட்ல நிக்காது” என்று சொல்லிக்கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார் பனியன்காரர்.

இன்ஸ்பெக்டர் உருகிப்போனார். “உங்களுக்குச் சம்மன் அனுப்பணும். விலாசம் சொல்லுங்க.”

“இதே விலாசம்தான் சார்.”

“இதே மாடியா?”

“இதே வீடு.”

பேனா நின்றது. “அடப்பாவி! திருடன் நீதானா?”

“எனக்கு எதிரா என்னையே சாட்சி சொல்ல வைக்க அரசியல் சட்டத்துல இடமில்ல சார்” என்றவர், பட்டியலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “இந்தப் பட்டியலுக்கும் ஒரே சாட்சி நானாச்சே. கோர்ட்ல நிக்காதே!”