பிள்ளை முகம்

துபாயிலிருந்து வீரமணி அனுப்பிய புதுப் போனில், பிள்ளை பிறந்த பிறகு ஆண்டிமடம் வீட்டுக்கு முதல் வீடியோ கால். அம்மாவின் குரல் கேட்டது. திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"புள்ளயக் காட்டும்மா."

"காட்டிக்கிட்டுத்தான்டா இருக்கேன்," என்றாள் பூமாலை.

"ஒண்ணும் தெரியல. மலர்கொடிகிட்ட குடு."

"பெத்த ஒடம்பு, அசந்து தூங்குறா."

குழந்தையின் சத்தமும் இல்லை.

"புள்ளைக்கு என்னம்மா ஆச்சு? எதை மறைக்கிற?"

அவன் போட்ட சத்தத்தில் மலர்கொடி விழித்துக்கொண்டாள். போனை வாங்கிப் பார்த்து, துண்டால் அழுத்தித் துடைத்தாள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு மகன் திரையில் கொட்டாவி விட்டான்.

"கேமரா மேல எதுக்கு அத்தை மை வச்சீங்க?"

"புதுப் போனாச்சே, கண்ணு படாதா? பொட்டு வைக்கத்தான மேல வட்டமா எடம் வுட்டிருக்கான்?"