ஆறாவது ஸ்கோப்

மூன்று நாளாக அந்த மனுஷன் என் துப்பாக்கிக் கடையை விட்டு நகரவில்லை. இரண்டு பேரை மிதித்துக் கொன்ற காட்டு யானையைச் சுடச் சொல்லி அரசாங்க உத்தரவு அவர் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் எதுவும் பிடிக்கவில்லை. ஈய முனைத் தோட்டா எலும்பில் நசுங்கிவிடுமாம். கெட்டித் தோட்டா துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்கும் குட்டியையும் கொன்றுவிடுமாம். குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டும் ஸ்கோப்பைக் கொடுத்தால், எதிரே கோயில் வாசலில் நிற்கும் யானையை அதில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். இன்றைக்கு மட்டும் ஐந்து.

"ஒங்களுக்கு என்னதான் சார் வேணும்?" என்று கேட்டேவிட்டேன்.

"நெத்தி தெரியணும் பாய். கண்ணு தெரியக் கூடாது. எதுல பாத்தாலும் கண்ணுதான் மொதல்ல வருது."

"எந்தக் கம்பெனியும் அப்படிச் செய்யறதில்ல சார்."

ஆறாவதை அவர் கையில் திணித்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவர் தன்னையே பார்த்து நின்றால் என்ன செய்ய வேண்டுமென்று கோயில் யானைக்குப் பழக்கியிருக்கிறார்கள். அது ஆசீர்வதிக்கத் தும்பிக்கையை உயர்த்தியது. நெற்றி முழுதாகத் தெரிந்தது.

"இப்பத் தெரியுதா?" என்றேன் எரிச்சலோடு.

அவர் ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து எடுக்காமலே மெல்லத் தலையைத் தாழ்த்தினார்.