பனிக்கூடு

மூன்றரை மணிக்கு என் மந்திரவாதியின் அங்கியைக் கழற்றிவிட்டு வேறு அங்கியை மாட்டினேன்.

பழையதில் உயிர் அதிகம். புதியதில் அடி அதிகம். இதைப் போட்டுக்கொண்டு இரண்டு அடி வாங்கினால் ஆள் காலி. பரவாயில்லை, எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆட்டம்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசலில் 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, வில்லை தேய்க்கும் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். கணினியில் வாடிக்கையாளர்களின் பவர் விவரம் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தது மந்திரவாதிகள் மோதும் ஒரு விளையாட்டு.

மோதிரம் இரண்டையும் மாற்றினேன். தற்காப்புக்குப் போட்டிருந்த புள்ளிகளை மொத்தமாகப் பிடுங்கி ஒரே திறனில் கொட்டினேன். எதிராளியின் உயிர் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் என் நெருப்பு மூன்று மடங்காகும். அதுவரைக்கும் அது வெறும் பீடி நெருப்புதான்.

விவரம் தெரிந்தவன் எவனும் இப்படி ஆயத்தம் செய்ய மாட்டான். இது உலகத்தில் ஒரே ஒரு ஆளைத் தோற்கடிக்க மட்டும்தான் உதவும்.

அந்த ஆள் என் மகள்.

அவளுடையது பனி மந்திரவாதி. தோற்கப் போகிற நேரத்தில் பனிக்கூட்டுக்குள் புகுந்துகொள்வாள். எட்டு நொடிக்கு எந்த அடியும் உள்ளே போகாது. ஆனால் உயிர் கடைசிச் சொட்டுக்கு வரும்வரை அந்தப் பொத்தானைத் தொட மாட்டாள், அத்தனை நெஞ்சழுத்தம். அந்தச் சொட்டு வருவதற்கு முன்பே ஒரே அடியில் முடித்துவிட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதமாக டீ கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தவன் நான். திரும்பாமலே தேங்க்ஸ் சொல்வாள்.

ஆடக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். முட்டி ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் நான் கட்டிலில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். எல்லாவற்றையும் இரண்டு தடவை அமுக்குவது என் வியாதி. லிஃப்ட், காலிங் பெல், கணினி, எதுவானாலும் இரண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள். அப்போது நான் ஆடிய, பச்சை அங்கி போட்ட குண்டு மந்திரவாதியைத்தான் அவளுக்குத் தெரியும். இவன் புதியவன், வேறு பெயர்.

இன்று நான்கு மணிக்கு ஆட்டக்காரர்களின் தரவரிசைப் பட்டியல் மூடும். முதல் எட்டுப் பேரை எங்கோ தூரத்து நகரத்தில் இருக்கிற ஒரு விளையாட்டுக் குழு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். சம்பளம், தங்குமிடம், இரண்டு வருடம். என் மகள் எட்டாவது.

கீழே ஐம்பது படிக்குள் இருப்பவர் யாரும் மேலே இருப்பவரைச் சண்டைக்கு இழுக்கலாம். மறுக்க முடியாது. தோற்றால் பத்துப் படி இறக்கம்.

இரண்டு நாள் முன்பு அவளிடம் என்ன சொன்னேன்? "தாராளமா போயிட்டு வாம்மா, எனக்கென்ன குறைச்சல்!" பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் ஃப்ரிட்ஜ் சத்தமும்தான். போகாதே என்று கேட்க வாய் வரவில்லை. இந்த ஈன வேலைக்கு மட்டும் கை வந்தது.

மூன்று ஐம்பதுக்குச் சவாலை அனுப்பினேன்.

களம் திறந்தது. அடிப்பதற்கு முன் எதிராளிக்குத் தலை குனிந்து வணக்கம் வைக்க வேண்டும், அதுவும் அவள் கற்றுக்கொடுத்த மரியாதைதான். குனிந்தேன், நிமிர்ந்தேன், மறுபடியும் குனிந்தேன்.

அவளுடைய மந்திரவாதி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு குனிந்தது.

அவள் எறிந்த முதல் பனியிலேயே என் உயிரில் பாதி போனது. இன்னொன்று விழுந்தால் முடிந்தது கதை. நான் தூணுக்குத் தூண் ஓடி, நெருப்பைச் சிறுகச் சிறுக எறிந்து, எப்படியோ அவளை மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தேன்.

இதோ, இதற்காகத்தான் இத்தனை நாள். பெரிய நெருப்பை அமுக்கினேன்.

சனியன் பிடித்த விரல் இரண்டு தடவை அமுக்கியது. இரண்டாவது அமுக்கலில் மந்திரம் பாதியிலேயே அறுந்துவிட்டது.

போச்சு. தூணும் இல்லாமல் வெட்டவெளியில் நின்றேன். அவள் பனிக்கூட்டுக்குள் போகலாம். அது கூட வேண்டாம், ஒரே அடி அடித்தால் போதும். அடித்துத் தொலையேன் என்று எனக்குள் பாதி ஆசைதான்.

அவள் சும்மா நின்றாள்.

இணையம் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இந்த முறை எச்சரிக்கையாக ஒரே தடவை அமுக்கினேன்.

பனி மந்திரவாதி விழுந்தது. பட்டியலில் என் மகள் பதினெட்டாவது ஆனாள். மணி மூன்று ஐம்பத்தாறு.

கடைக் கதவை யாரோ தட்டினார்கள், நான் எழுந்திருக்கவில்லை. பெற்ற பிள்ளையின் காலை வாரிவிட்டு, சாயங்காலம் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது, 'அடடா, யாரும்மா அந்தப் பாவி?' என்று எந்தக் குரலில் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதையும் யோசித்தேன், அதுதான் வெட்கக்கேடு.

திரையின் மூலையில் ஒரு செய்தி வந்து நின்றது. தோற்றவரிடமிருந்து.

"வணக்கத்தைக் கூட ரெண்டு தடவைதான் அமுக்குவீங்களாப்பா? சரி விடுங்க, நான் எங்கயும் போகல. நேரத்தோட வீட்டுக்கு வாங்க."