சாயத்தைத் தொடாதவள்

"அந்தச் சாயத்தை நீயே குழாய்ல விடு" என்றாள் சிக்னே, ஆய்வுக்கூட வாசலைத் தாண்டாமல்.

ஹோகன் நிமிர்ந்தான். "ஆராய்ச்சி உன்னுது, டாக்டர் பட்டம் உன்னுது. எடுபிடி மட்டும் நானா?"

"புருஷன்னு ஒருத்தன் வேற எதுக்கு? கையுறையை இழுத்து மாட்டு, தடியா."

இரண்டு இழை டிஎன்ஏவோடு மூன்றாவது இழையையும் சேர்த்து நிறுத்துவதுதான் சிக்னேயின் வேலை. லேசாகச் சூடேறினாலே மூன்றாவது இழை கழன்றுகொள்ளும். அதற்குத்தான் இந்த ஆரஞ்சுச் சாயம். இழைகளின் இடுக்கில் புகுந்து பிடித்துக்கொள்ளும். பிடி இருக்கும்வரை பச்சையாக ஒளிரும்.

"எங்கப்பா கோதன்பர்க் துறைமுகத்துல இழுத்த கயித்துல மூணு புரியும் சாயமில்லாமத்தான் நின்னுச்சு" என்றான் ஹோகன்.

"அந்தக் கயித்தை யாரும் வேகவெச்சுப் பாக்கல. பேசாம சாயத்தை விடு."

வழக்கமாக இதற்குச் சிரிப்பான். இன்று சிரிப்பு வரவில்லை. போன வாரம் கோபன்ஹேகனில் வேலைக்கு நேர்காணல் போய் வந்தவள், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்தச் சாயக் குப்பியை அவனைக்கூடத் தொடவிடாதவள், இன்று தள்ளி நின்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தருகிறாள். கிளம்பப்போகிறவள்தான் வேலையை இப்படி ஒப்படைப்பாள்.

சாயத்தை விட்டு, கருவியின் மூடியை இறக்கி, சூட்டை ஏற்றினான்.

நாற்பது டிகிரி. எப்போதும் கழன்றுவிடும் இடம். திரையில் பச்சைக் கோடு இறங்கவில்லை. ஐம்பது. அறுபதிலும் அப்படியே.

"நிக்குது, சிக்னே."

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. உள்ளே மட்டும் வரவில்லை.

அவனுக்குப் பொறுக்கவில்லை. "கோபன்ஹேகனுக்கு எப்பப் போற?"

"போகல. வேணாம்னு காலையிலேயே சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இதையெல்லாம் என் தலையில கட்டுற?"

"அந்தச் சாயம் ஆள் பாக்காது, ஹோகன். எந்த டிஎன்ஏ கிடைச்சாலும் உள்ள போய் உக்காந்துக்கும்."

"அது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? மூணு வருஷமா நீதானே தொட்டுக்கிட்டிருந்த."

சிக்னே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நேத்து வரைக்கும் இந்த உடம்புல நான் ஒருத்திதான்னு நெனச்சிருந்தேன்."