ஐந்தாம் கட்டம்

"சிவலட்சுமி அக்கா! உங்கட மகள் என்னைக் கீறி ஊருக்குக் காட்டியிருக்கிறாள்!"

கேற்றைத் தள்ளிக்கொண்டு அருந்ததி வந்த வேகத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. கையில் போன். அதில், பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த நிரோஜாவின் படக்கதை. தலைப்பு, 'சந்தோசம் எங்கை?'

சிவலட்சுமி போனை எட்டிப் பார்த்தாள். நாளைக்குத்தான் அது வலயமட்டப் போட்டிக்குப் போகிறது. பிள்ளை பத்து நாளாய் ஒழுங்காய்ச் சாப்பிடாமல் கீறினது.

"முதல் இதிலை இரும், அருந்ததி."

புதுச் செற்றியின் மெத்தையில் தொப்பென்று இருந்தாள் அருந்ததி.

"பாருங்கோ! முதல் கட்டத்திலை இந்த மனிசி பக்கத்து வீட்டைப் பார்த்து பிரிஜ் வாங்குது. பிறகு பெரிய கேற் போடுது. மூண்டாவதிலை சாதகத்தைத் தூக்கிக்கொண்டு பளைச் சாத்திரியட்டை ஓடுது. நாலாவதிலை கனடாத் தம்பிக்குப் போன் எடுத்து அழுகுது. ஐஞ்சாவதிலை, வாங்கின செற்றி பழுதாப் போமெண்டு நிலத்திலை இருந்துகொண்டு 'சந்தோசம் எங்கை?' எண்டு கேக்குது. போன மாசம் கிளிநொச்சியிலை செற்றி எடுத்தது நான்தானே?"

"அருந்ததி..."

"இப்பவே அதிபரட்டைப் போறன். இந்தச் சீத்துவக்கேடு போட்டிக்குப் போகாது!"

குசினி வாசலில் நின்ற நிரோஜாவின் கண் கலங்கியது. "அது நீங்கள் இல்லை அன்ரி. அது..."

"நீ வாயை மூடடி!" சிவலட்சுமி குறுக்கே பாய்ந்தாள். "அது நான், அருந்ததி."

"என்ன?"

"ஓம். என்னைத்தான் கீறினவள். எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் கீறினவள்."

அருந்ததி போனையும் சிவலட்சுமியையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, ஓமென்ன! இது உங்கட கொண்டையெல்லோ! நான் ஒரு விசரி."

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "பிள்ளை வெல்லட்டும் அக்கா!"

கேற் சாத்தின சத்தம் கேட்ட பிறகுதான் சிவலட்சுமிக்கு மூச்சு வந்தது. செற்றியில் அருந்ததி இருந்த இடத்தில் கசங்கிக் கிடந்த, இன்னும் கழட்டாத பொலித்தீன் உறையை இழுத்து நீவிவிட்டாள். பிறகு அதற்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள்.

"உன்ரை படத்துக்காக என்ரை மானத்தை வித்துப் பொய் சொன்னனான். தெரியுதோ? இனி அருந்ததியைக் கீறினால் கையை முறிப்பன்."

நிரோஜா செற்றியைப் பார்த்தாள். நிலத்தில் இருந்த தாயைப் பார்த்தாள்.

"நீங்கள் எங்கையம்மா பொய் சொன்னனீங்கள்?"